கரையில் குழந்தை யாரிடம்? துடுப்புப் படகு ஓட்டும் தாய்மார்களின் கேள்விகளுக்குப் பதில்

சென்ற இதழில் கயாக், கேனோ என்னும் துடுப்புப் படகுப் போட்டிகளைப் பற்றி எழுதியபோது, பிள்ளை பெற்ற பிறகும் துடுப்பைக் கையில் எடுக்க விரும்பும் வாசகியர் தங்கள் ஐயங்களை அனுப்பலாம் என்று கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் மிகப் பெரும்பாலானவை காவிரிப் படுகையின் ஊர்களிலிருந்தே வந்திருக்கின்றன. எல்லாக் கடிதங்களையும் படித்த பிறகு எனக்கு ஒன்று உறுதியாகத் தோன்றுகிறது. உடல் தேறுமா, வேகம் திரும்புமா என்ற கேள்விகளுக்கு மருத்துவத்திலும் பயிற்சி முறையிலும் தெளிவான பதில்கள் இருக்கின்றன. தாய் தண்ணீரில் இருக்கும் அந்த இரண்டு மணி நேரம் குழந்தை யாருடைய பொறுப்பில் இருக்கும் என்ற கேள்விக்கு மட்டும் ஒவ்வொரு வீடும் தானே பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் கிடைக்காத வீட்டில் மற்ற எந்த ஆலோசனையும் பயன்படாது.

திருமணத்துக்கு முன் மாநில அளவில் கயாக் போட்டிகளில் கலந்துகொண்டேன். அறுவைச் சிகிச்சை மூலம் குழந்தை பிறந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. ஒரு வருடம் ஆற்றுப் பக்கமே போகக் கூடாது என்கிறார் என் மாமியார். ஆறு வாரமே போதும் என்கிறார் என் பழைய பயிற்சியாளர். யார் சொல்வதைக் கேட்பது?
(ஒரு வாசகி, திருவையாறு)

இருவருடைய அக்கறையும் உண்மையானது. ஆனால் இருவரும் நாட்களை எண்ணிச் சொல்கிறார்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது உங்கள் வயிற்றுச் சுவரின் நிலையை. அறுவைச் சிகிச்சையில் தோலுக்கு அடியில் வயிற்றுத் தசைகளைப் போர்த்தியிருக்கும் உறுதியான சவ்வும், அதற்கும் உள்ளே கருப்பையும் வெட்டித் தைக்கப்படுகின்றன. வெளித் தழும்பு ஆறு வாரத்தில் ஆறிவிட்டதுபோல் தெரிந்தாலும், அந்தச் சவ்வு அப்போது தன் பழைய வலிமையில் ஏறத்தாழப் பாதியைத்தான் மீட்டிருக்கும். முழு வலிமையை நெருங்க 6 அல்லது 7 மாதங்கள் ஆகும். ஆகவே ஆறு வாரம் என்பது போதாது. ஒரு வருடம் முழுவதும் உடலை அசைக்காமல் இருப்பதும் தேவையில்லை. அப்படி இருந்தால் தசை மேலும் தளரத்தான் செய்யும்.

கயாக்கில் கைதான் துடுப்பை இழுக்கிறது என்று கரையில் நிற்பவர்களுக்குத் தோன்றும். நீங்கள் போட்டியிட்டவர் என்பதால் விசை எங்கே பிறக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். கால் பலகையை ஒரு காலால் உந்த, இடுப்பு திரும்ப, உடற்பகுதி முறுக்கிக்கொண்டு மீண்டும் அவிழ்கிறது. அந்த அவிழ்வின் விசையே துடுப்பின் வழியாகத் தண்ணீருக்குச் செல்கிறது. அந்த முறுக்கு முழுவதையும் தாங்குவது, தைக்கப்பட்டிருக்கும் அதே வயிற்றுச் சுவரும், பத்து மாதம் குழந்தையின் எடையைச் சுமந்த இடுப்புத் தளத் தசைகளும்தான். இவை இரண்டும் ஆயத்தமாவதற்கு முன் வேகத்தைத் தேடுகிறவர்களுக்குத்தான், இருமும்போதும் எடை தூக்கும்போதும் சிறுநீர் கசிவது, அடிவயிற்றில் எதோ இறங்குவதுபோன்ற கனம், நாட்பட்ட முதுகுவலி ஆகியவை வருகின்றன. நம் ஊர்ப் பெண்கள் இவற்றைப் பிள்ளை பெற்றால் வரக்கூடியவைதான் என்று வெளியே சொல்லாமல் சுமந்துகொண்டிருக்கிறார்கள். இவை சிகிச்சையால் சரியாகக்கூடியவை என்பதை இந்தப் பக்கத்தைப் படிக்கும் ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டுக்கும் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டிய முதல் வேலை, மகப்பேறு மருத்துவரிடம் காட்டிவிட்டு, ஒரு பிசியோதெரபிஸ்டிடம் வயிற்றுத் தசைகள் நடுவில் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பார்க்கச் சொல்வது. மல்லாந்து படுத்துத் தலையை மட்டும் தூக்கும்போது வயிற்றின் நடுக்கோட்டில் மேடு எழும்பினால், முறுக்கும் பயிற்சிகளுக்கு இன்னும் காலம் இருக்கிறது. ஐந்தாம் மாதம் முடியும்வரை நடை, மூச்சோடு சேர்த்து இடுப்புத் தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி, உட்கார்ந்து எழுதல், ரப்பர் பட்டையை இழுத்தல் ஆகியவை போதும். தொந்தரவு எதுவும் இல்லையென்றால் ஆறாம் மாதத்தில் அகலமான, கவிழாத படகில் ஒன்றுவிட்டு ஒரு நாள் அரை மணி நேரம், பேசிக்கொண்டே துடுப்புப் போடக்கூடிய வேகத்தில் செல்லலாம். பந்தயக் கயாக்கை அதன் பிறகு எடுங்கள். அது மிகக் குறுகலானது, இடுப்பு சற்று அசைந்தாலே சாய்வது, கவிழ்ந்தால் மீண்டும் ஏறுவதற்கு வயிற்றைத்தான் மடக்க வேண்டும். இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒற்றையர் பந்தயக் கயாக்கின் எடை 12 கிலோதான் என்றாலும் நீளம் 5.2 மீட்டர், அதைப் படித்துறைப் படிகளில் தோளில் தூக்கி இறங்குவது பயிற்சியைவிடக் கடினமான வேலை. முதல் வருடம் முழுவதும் படகை இருவராகத் தூக்குங்கள்.

எட்டாம், ஒன்பதாம் மாதங்களில் வேகப் பயிற்சியைத் தொடங்கலாம். இரத்தப்போக்கு மீண்டும் தோன்றினாலோ, கசிவோ கனமோ தெரிந்தாலோ, அதற்கு முந்தைய கட்டத்துக்குத் திரும்பிவிடுங்கள். சென்னையைச் சேர்ந்த ஸ்குவாஷ் வீராங்கனை தீபிகா பள்ளிக்கல் 2021 அக்டோபரில் இரட்டைக் குழந்தைகளைப் பெற்று, 2022 ஏப்ரலில் கிளாஸ்கோவில் உலக இரட்டையர் பட்டங்கள் இரண்டை வென்றார் என்று உங்கள் பயிற்சியாளர் எடுத்துக்காட்டக்கூடும். அது நாம் அனைவரும் பெருமைகொள்ள வேண்டிய வெற்றி. ஆனால் ஒருவரின் உடல் தேறிய காலத்தை இன்னொருவருக்குக் கெடுவாக வைக்க முடியாது.

பயிற்சிக்குப் போய்விட்டு வந்து பால் கொடுத்தால் அது சூட்டுப் பால், குழந்தைக்கு ஆகாது என்கிறார்கள். உடற்பயிற்சியால் பால் வற்றிவிடும் என்றும் சொல்கிறார்கள். குழந்தைக்கு ஏழு மாதம். பால் கொடுப்பதை நிறுத்திவிட்டுத்தான் பயிற்சிக்குப் போக வேண்டுமா?
(ஒரு வாசகி, கும்பகோணம்)

நிறுத்த வேண்டியதே இல்லை. தாய் வெயிலில் வந்தாலும் தண்ணீரிலிருந்து வந்தாலும் பால் உடலின் வெப்பநிலையில்தான் சுரக்கிறது. குழந்தைக்கு ஆகாத சூடு எதுவும் அதில் ஏறுவதில்லை. மிதமான பயிற்சியால் பாலின் அளவும் சத்தும் குறைவதில்லை. மிகக் கடுமையான வேகப் பயிற்சிக்குப் பிறகு பாலில் லாக்டிக் அமிலம் சிறிது கூடுவது உண்டு. அதனால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. குழந்தை முகம் சுளிப்பது பெரும்பாலும் தாயின் தோலில் இருக்கும் வியர்வை உப்புக்காகத்தான். நம் பாட்டிமார் வந்தவுடன் கொடுக்காதே என்று சொன்னதில் ஒரு நன்மையும் இருந்தது, வயலிலிருந்து களைத்து வந்தவளுக்கு அந்தச் சொல் சிறிது ஓய்வைப் பெற்றுத் தந்தது. நீங்களும் குளித்து, ஒரு செம்பு தண்ணீர் குடித்து, மூச்சு அடங்கிய பிறகு குழந்தையை வாங்கிக்கொள்ளுங்கள்.

பால் குறைவதற்கு உண்மையான காரணம் வேறு. தாய் போதிய அளவு உண்ணாமலும் உறங்காமலும் இருப்பதே அது. பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதங்களில் நாளொன்றுக்கு 600 கலோரியும், அடுத்த ஆறு மாதங்களில் 520 கலோரியும் கூடுதலாகத் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. இது வீட்டில் இருக்கும் தாய்க்கான கணக்கு. துடுப்புப் போடும் தாய்க்கு அந்தப் பயிற்சியில் செலவாகும் சக்தியையும் இதன்மேல் சேர்க்க வேண்டும். பத்தியம் என்ற பெயரில் காய்கறியையும் பருப்பையும் தண்ணீரையும்கூடக் குறைக்கும் வழக்கம் நம் பகுதியில் இன்னும் இருக்கிறது. பூண்டும், பால் சுறாப் புட்டும், முருங்கைக் கீரையும் தட்டில் இருக்கட்டும். அவற்றோடு முட்டை, பயறு, கேழ்வரகு, தயிர் எல்லாம் வேண்டும். உடல் இளைக்க வேண்டும் என்பதற்காகப் பால் கொடுக்கும் காலத்தில் உணவைக் குறைத்துப் பயிற்சியைக் கூட்டுவது மிகவும் தவறு. மாதவிடாய் ஒழுங்கு கெடுவதிலிருந்து எலும்பு வலுவிழப்பதுவரை அதனால் கேடு விளையும். அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்குப் பிறகு 180 நாட்களுக்குத் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரைகளைக் காப்பி, தேநீரோடு சேர்க்காமல் முழுமையாகச் சாப்பிட்டு முடித்தீர்களா என்று எண்ணிப் பாருங்கள். இரத்தசோகை உள்ளவர் எவ்வளவு துடுப்புப் போட்டாலும் வேகம் வராது.

பயிற்சிக்குப் புறப்படும் முன் பால் கொடுத்துவிட்டோ பீய்ச்சி எடுத்துவிட்டோ செல்லுங்கள். பால் நிறைந்த மார்பின்மேல் உயிர்காப்பு அங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் உடலை முறுக்கினால் பால் கட்டிக்கொள்ளும், காய்ச்சலும் வரும். அதற்காக அங்கியைத் தளர்த்திக் கட்டுவதோ கரையில் விட்டுவிடுவதோ கூடவே கூடாது. கர்ப்பத்துக்கு முன் வாங்கிய அங்கி இப்போது பொருந்தாது என்பதால் பெரிய அளவில் இன்னொன்று வாங்குங்கள். எடுத்து வைத்த பாலுக்கு, 25 டிகிரி வரையுள்ள அறையில் 4 மணி நேரமும், குளிர்சாதனப் பெட்டியின் உள்பகுதியில் 4 நாட்களும் என்பது கணக்கு. பங்குனி, சித்திரையில் கும்பகோணத்து வீடுகளில் 25 டிகிரியை எதிர்பார்க்க முடியாது. ஐஸ் கட்டிகள் வைத்த மூடுபெட்டியில் வைத்தால் 24 மணி நேரம் தாங்கும்.

என் மருமகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. இன்னும் படகு ஓட்டப் போகிறேன் என்கிறாள். நான் தடுத்தால் பழைய காலத்து மனுஷி என்கிறார்கள். நான் என்ன சொல்வது?
(ஒரு மாமியார், பாபநாசம்)

அம்மா, உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. பந்தயக் கயாக்கை இந்த மாதத்தில் நிறுத்திவிடுவதுதான் நல்லது. கவிழ்ந்தால் வயிற்றில் அடிபடலாம் என்பது ஒன்று. ஆற்று நீரில் பரவும் எலிக்காய்ச்சல் கர்ப்பிணிகளைக் கடுமையாகத் தாக்கக்கூடும் என்பது மற்றொன்று. ஆனால் வீட்டில் உட்கார வைத்துவிடாதீர்கள். மருத்துவர் வேண்டாம் என்று சொல்லாதவரை, வாரத்துக்கு 150 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி கர்ப்பிணிகளுக்கும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வெயில் ஏறுவதற்கு முன் அவரை நடக்க அழைத்துச் செல்லுங்கள். நீங்களும் கூட நடந்தால் பேசுவதற்கும் நேரம் கிடைக்கும்.

என் மனைவி திருமணத்துக்கு முன் கேனோ வீராங்கனை. எங்கள் மகளுக்கு ஒன்றரை வயது. அவள் மீண்டும் போட்டியிட வேண்டும் என்பதுதான் என் விருப்பமும். ஆனால் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் இரண்டு வாரத்தில் நின்றுவிடுகிறது. அவளுக்கு மன உறுதி குறைந்துவிட்டதா?
(ஒரு வாசகர், மன்னார்குடி)

ஒன்றரை வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பத் தொடங்குகிறவரிடம் மன உறுதி குறைவாக இருக்கிறது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. உங்கள் கடிதத்தின் பின்பகுதியில் நீங்கள் நெல் சாகுபடி செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். காரணம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறக்கப்படுகிறது. சில நாட்களில் தண்ணீர் கல்லணையை வந்தடைகிறது. அந்தத் தண்ணீர்தான் உங்கள் மனைவிக்குப் பயிற்சிக்கான ஆற்றைத் தருகிறது; அதே தண்ணீர்தான் உங்களைக் குறுவை நாற்றங்காலுக்கும், நடவுக்கும், பின்னர் சம்பாவுக்கும் அழைக்கிறது. மடையைப் பார்க்க நீங்கள் விடியுமுன் எழுந்து போகிறீர்கள். விடியற்காலைதான் அவர் ஆற்றுக்குப் போக வேண்டிய நேரமும். இருவரும் வீட்டை விட்டு வெளியேற வேண்டிய அந்த நேரத்தில் யாராவது ஒருவர் தங்கினால்தான் குழந்தைக்குத் துணை இருக்கும், அப்படித் தங்குகிறவர் ஒவ்வொரு நாளும் அவராகவே இருக்கிறார். இரண்டு வாரத்தில் நின்றுபோவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஒரு மணி நேரப் பயிற்சி என்றால் வீட்டுக் கணக்கில் இரண்டரை மணி நேரம். ஆற்றுக்குப் போவது, படகை இறக்குவது, உடலைச் சூடேற்றுவது, திரும்பி வந்து குளிப்பது, சாப்பிடுவது, சிறிது படுப்பது எல்லாம் அதில் அடங்கும். வாரத்தில் எந்தெந்த நாட்களில் அந்த இரண்டரை மணி நேரம் குழந்தை உங்களிடம், எந்தெந்த நாட்களில் உங்கள் அம்மாவிடம், எந்த நாளில் மாமனார் வீட்டில் என்பதை நடவு தொடங்குவதற்கு முன்பே உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். பேசிய நாளில் மடையில் வேலை வந்தால், அதற்கு ஆள் தேட வேண்டியவர் நீங்கள். பயிற்சியை விட வேண்டியவர் அவர் என்று ஆகிவிடக் கூடாது. வாரத்தில் மூன்று நாட்கள் உறுதியாகக் கிடைத்தால் போதும். கிடைக்குமோ கிடைக்காதோ என்ற நிலையில் இருக்கும் ஆறு நாட்களைவிட அந்த மூன்று நாட்களில் அவர் அதிகம் முன்னேறுவார்.

அம்மாவிடம் இதைச் சொல்லும் பொறுப்பும் உங்களுடையதுதான். மகன் சொன்னால் ஏற்பாடாகத் தெரிவது, மருமகள் சொன்னால் எதிர்ப்பாகத் தெரியும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

டெல்டாவில் பாதி வருடம் ஆற்றில் தண்ணீர் இல்லை. தண்ணீர் வந்தாலும் இழுப்பு அதிகம். இரண்டு வயதுக் குழந்தையோடு வெளியூர்ப் பயிற்சி மையத்துக்கும் போக முடியாது. இங்கிருந்தே எப்படித் தயாராவது?
(ஒரு வாசகி, தஞ்சாவூர்)

தண்ணீரின் காலக்கணக்கை முதலில் ஏற்றுக்கொண்டு பயிற்சியை அதற்குள் அமைப்பதுதான் வழி. அணை மூடும் ஜனவரி 28 முதல் ஜூன் பாதிவரை உடலைக் கட்டும் காலம். ஜூன் பிற்பகுதியிலிருந்து செப்டம்பர்வரை படகுக் காலம். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர்வரை ஆற்றை நம்ப முடியாத காலம். இந்தப் பகுப்பு தாய்க்கு ஒருவகையில் உதவியாகவே இருக்கிறது. வறண்ட மாதங்களின் பயிற்சியை வீட்டு முற்றத்திலேயே செய்யலாம். எடை தூக்குவதும் ரப்பர் பட்டை இழுப்பதும் குழந்தை தூங்கும் நேரத்தில் நடக்கும். துடுப்பு இயந்திரம் வாங்க இயலாதவர்கள் தாழ்வான பலகையில் உட்கார்ந்து, காலை ஒரு கட்டையில் ஊன்றி, கயிறு கட்டிய பட்டையை இழுத்து உடலின் முறுக்கத்தைப் பழக்கிக்கொள்ளலாம். பலமான உடலோடு ஜூன் மாதத்தில் தண்ணீரில் இறங்குகிறவருக்குச் சில வாரங்களிலேயே படகு வசப்பட்டுவிடும்.

ஓடும் ஆற்றில் பயிற்சி செய்பவர்கள் தூரத்தைக் கணக்கிடக் கூடாது. போட்டிகள் ஓட்டமில்லாத நீர்நிலையில், 9 தடங்களில், 200, 500, 1000 மீட்டர் என்று நடக்கின்றன. பெண்களின் ஒற்றையர் கயாக் 500 மீட்டரை உலகின் முன்னணி வீராங்கனைகள் இரண்டு நிமிடங்களுக்குள் முடிக்கிறார்கள். வெண்ணாற்றில் நீரோட்டத்தோடு 500 மீட்டர் போய் அந்த நேரத்தை எட்டிவிட்டோம் என்று மகிழ்வதில் பொருள் இல்லை. நேரத்தை வைத்துக்கொண்டு, இரண்டு நிமிட முழு முயற்சி, நான்கு நிமிட ஓய்வு என்று எதிர்நீரில் செய்யுங்கள். நிமிடத்துக்கு எத்தனை துடுப்பு விழுகிறது, அந்த எண்ணிக்கை கடைசி அரை நிமிடத்தில் குறைகிறதா என்பதைக் கரையில் நிற்பவர் எண்ணிச் சொல்லட்டும்.

இடத்தைப் பற்றி நான் மிகக் கண்டிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். மதகும் ஷட்டரும் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் படகை இறக்கவே கூடாது. மேற்பரப்பு அமைதியாக இருக்கும்போதே அடியில் நீர் ஷட்டரை நோக்கி இழுத்துக்கொண்டிருக்கும். முக்கொம்பில் 2018 ஆகஸ்ட் 22 அன்று மேலணையின் 9 ஷட்டர்கள் அடித்துச் செல்லப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். கொள்ளிடத்தில் உபரி நீர் திறக்கும் அறிவிப்பு இருக்கும் நாட்களில் ஆற்றங்கரைக்கே செல்லாதீர்கள். மணல் அள்ளிய குழிகள் அதில் எங்கே இருக்கின்றன என்பது உள்ளூர்க்காரர்களுக்கும் முழுமையாகத் தெரியாது. புது ஆறு எனப்படும் கல்லணைக் கால்வாயில் கரைகள் சரிவாகவும் பல இடங்களில் சிமென்டுப் பூச்சோடும் இருப்பதால், விழுந்தவர் ஏறுவதற்குப் படித்துறை எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்த பிறகே இறங்க வேண்டும். நீர்வளத் துறையின் உள்ளூர் அலுவலகத்தில் சொல்லிவிட்டுச் செய்வதே முறை. கடைமடைப் பகுதிக்குச் செல்ல முடிகிறவர்களுக்கு முத்துப்பேட்டைக் காயல் நல்ல இடம். ஓட்டம் குறைவு, கோடையிலும் நீர் இருக்கும். அலையாத்திக் காட்டுக்குள் நுழைய வனத்துறையின் அனுமதி வேண்டும். காற்று எழும் பிற்பகலைத் தவிர்த்துக் காலையில் செல்லுங்கள்.

எங்கே பயிற்சி செய்தாலும் கரையில் இருவர் வேண்டும். ஒருவர் குழந்தையைப் பார்ப்பதற்கு, இன்னொருவர் உங்களைப் பார்ப்பதற்கு. ஒரே ஆள் இரண்டையும் செய்தால், நீங்கள் கவிழும் நொடியில் அவர் குழந்தையைக் கரையில் விட்டுவிட்டு ஓட வேண்டியிருக்கும், தண்ணீருக்குப் பக்கத்தில் இரண்டு வயதுக் குழந்தை தனியாக நிற்கும். இருவர் இல்லாத நாளில் படகை எடுக்காதீர்கள்.

எனக்கு 34 வயது, இரண்டு பிள்ளைகள். பள்ளிப் பருவத்தில் கயாக் ஓட்டியிருக்கிறேன். இனிமேல் போட்டி என்பது எனக்கு எட்டாததா?
(ஒரு வாசகி, நாகப்பட்டினம்)

இந்த விளையாட்டின் வரலாறே உங்களுக்குப் பதில் சொல்கிறது. ஜெர்மனியின் பிர்கிட் ஃபிஷர் 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் 18 வயதில் தங்கம் வென்றார். 1986, 1989 ஆம் ஆண்டுகளில் பிள்ளைகள் பெற்றார். இந்த இரு பிறப்புகளுக்கும் இடையில் 1988 சியோலில் தங்கம் வென்றார். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு 1992 பார்சிலோனாவில் ஒற்றையர் 500 மீட்டரில் தங்கம் வென்றார். கடைசித் தங்கத்தை 2004 ஏதென்ஸில் 42 வயதில் பெற்றார். மொத்தம் 8 தங்கம், 4 வெள்ளி. இத்தாலிக்காகப் போட்டியிட்ட ஜோசெஃபா இடெம், முதல் மகன் பிறந்த பிறகு 2000 சிட்னியில் தங்கம் வென்றார். இரண்டாவது மகன் 2003 இல் பிறந்தான், அடுத்த ஆண்டே ஏதென்ஸில் வெள்ளி. 2008 பெய்ஜிங்கில் 43 வயதில் ஒரு நொடியில் ஆயிரத்தில் நான்கு பங்கு வித்தியாசத்தில் தங்கத்தை இழந்து வெள்ளி பெற்றார். 2012 லண்டனில் 47 வயதில் இறுதிப் போட்டியில் ஐந்தாவதாக வந்தார். அவருடைய பயிற்சியாளர் அவருடைய கணவர். அந்த வீட்டில் பயிற்சி நேரமும் பிள்ளைகளின் நேரமும் ஒன்றாகவே திட்டமிடப்பட்டிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

இவர்கள் இளமையிலிருந்து இடைவிடாமல் பயின்றவர்கள், நீங்கள் இடைவெளி விட்டவர் என்ற வேறுபாட்டையும் சொல்லத்தான் வேண்டும். தேசிய அணியை முதல் இலக்காக வைக்காதீர்கள். மாநில அளவிலான 500 மீட்டரில் இறுதிச் சுற்றை எட்டுவது இரண்டு ஆண்டுகளில் முயலக்கூடிய ஒன்று. அதைவிட நீண்ட தூர மாரத்தான் போட்டிகள் உங்களுக்கு ஏற்றவை என்று கருதுகிறேன்; அவற்றில் வெடிப்பு வேகத்தைவிடத் தாங்கும் ஆற்றலே பெரிதாகக் கணக்கில் வரும், 35 வயதைக் கடந்தவர்களுக்குத் தனி மாஸ்டர்ஸ் பிரிவும் உண்டு.

என்னிடம் பயிலும் ஒரு தாய் பிரசவ லேகியமும், சில சத்து மாவுகளும், வலி மாத்திரையும் சாப்பிடுகிறார். ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கல் வருமா?
(ஒரு பயிற்சியாளர், திருச்சி)

வீட்டில் சுக்கும் ஓமமும் திப்பிலியும் இடித்துக் கிண்டிய லேகியத்தில் என்ன இருக்கிறது என்று தெரியும். கடையில் வாங்கும் சத்து மாவிலும் பொடியிலும் அப்படித் தெரியாது; அவற்றைத் தவிர்க்கச் சொல்லுங்கள். உடலில் தடை செய்யப்பட்ட பொருள் இருந்தால், அது எப்படி வந்தது என்பது தெரியாவிட்டாலும் பொறுப்பு வீராங்கனையுடையதே. அறுவைச் சிகிச்சைக்குப் பின் வலிக்காகத் தரப்படும் டிரமடால் 2024 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத்தில் தடை செய்யப்பட்டிருக்கிறது. வீக்கம் வடிவதற்கான நீர் மாத்திரைகள் எப்போதுமே தடைதான். தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் ‘நோ யுவர் மெடிசின்’ செயலியில் ஒவ்வொரு மருந்தின் பெயரையும் பார்த்த பிறகு சாப்பிடட்டும். மருத்துவர் உண்மையிலேயே தேவை என்று சொல்லும் மருந்தை விட்டுவிட வேண்டாம். விலக்கு கேட்டு விண்ணப்பிக்க வழி இருக்கிறது.

பதினொரு மாதக் குழந்தை. போபாலில் நடக்கும் தேசியப் போட்டிக்குத் தேர்வாகியிருக்கிறேன். குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போ என்கிறார்கள். இன்னும் பால் குடிக்கிறான். என்ன செய்வது?
(ஒரு வாசகி, மயிலாடுதுறை)

வாழ்த்துகள். குழந்தையையும் அம்மாவையும் சேர்த்தே அழைத்துச் செல்லுங்கள். சென்னையில் ரயில் மாறி, ஓர் இரவுக்கு மேல் பயணம் என்பதால், போட்டிக்கு மூன்று நாட்கள் முன்னதாகவே போய்ச் சேருவதுபோல் புறப்படுங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு திட உணவும் உண்பதால், வறுத்து அரைத்த கஞ்சி மாவும் கொதிக்க வைத்த நீருக்கான பிளாஸ்கும் இருந்தால் வழியில் சிரமம் இருக்காது.

தங்குமிடத்தை இப்போதே கேட்டு வாங்க வேண்டும். வீராங்கனைகள் பலரை ஒரே அறையில் தங்கவைப்பது வழக்கம். கைக்குழந்தையோடு அது யாருக்கும் உறக்கம் தராது. துணைவரோடு தனி அறை வேண்டும், படகுகள் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பால் கொடுக்க மறைவான ஓர் இடம் வேண்டும் என்று உங்கள் மாநிலச் சங்கத்தின் வழியாக அமைப்பாளர்களுக்கு எழுத்து மூலம் கேளுங்கள். இதைச் சலுகை கேட்பதாக நினைத்துத் தயங்காதீர்கள். டோக்கியோ ஒலிம்பிக்கின்போது கொரோனாக் கட்டுப்பாடுகளைக் காட்டிக் கைக்குழந்தைகளுக்கு முதலில் அனுமதி மறுக்கப்பட்டது. பால் கொடுக்கும் தாய்மார்கள் வெளிப்படையாகக் கேட்ட பிறகுதான் 2021 ஜூன் இறுதியில் அனுமதி கிடைத்தது. 2024 பாரிஸில் வீரர்கள் கிராமத்திலேயே குழந்தைகளுக்கான இடம் அமைக்கப்பட்டது. உங்களைப் போன்ற ஒருவர் எழுதிக் கேட்டால், அடுத்த ஆண்டு வருகிறவருக்கு அது கேட்காமலே கிடைக்கக்கூடும்.

போட்டி நாளில் தகுதிச் சுற்றுகளின் நேர அட்டவணையை அம்மாவிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். உங்கள் சுற்றுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு பால் கொடுத்துவிட்டால், உடலைச் சூடேற்றுவதற்கும் படகோடு வரிசையில் நிற்பதற்கும் நேரம் சரியாக இருக்கும். போட்டி முடிந்தவுடன் குழந்தையைக் கரைக்குக் கொண்டுவர வேண்டாம் என்று அம்மாவிடம் முன்பே சொல்லி வையுங்கள். சில படகுகளை எடை பார்ப்பதற்காக அழைப்பார்கள். அழைக்கப்பட்டவர் நேராக அங்கே போகாவிட்டால் தகுதி நீக்கம் செய்யப்படுவார். எடை பார்த்து, படகை அதன் தாங்கியில் வைத்து, கைகால் கழுவிய பிறகு அவனை வாங்கிக்கொள்ளுங்கள்.